இல்லக் கணிப்பொறிக்கு ஏற்ற வன்தட்டு

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் ஒரு மாலை, நம் பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் துணிப்பை ஒன்றை நெஞ்சோடு அணைத்தபடி பங்கு இல்லத்தின் படியேறினார். கணவரை இழந்து நான்காண்டுகள் ஆனவர். பையிலிருந்து உள்ளங்கை அகலமேயுள்ள கறுப்புப் பெட்டி ஒன்றை எடுத்து மேசைமீது மெல்ல வைத்து, "சாமி, இதுக்குள்ளதான் எங்க வீட்டுக்காரர் இருக்கார். நேத்துலேருந்து திறக்க மாட்டேங்குது" என்றார்.

பெட்டியினுள் இருந்தவை யாவை என வினவினோம். முப்பதாண்டு இல்லறத்தின் நிழற்படங்கள், மகளின் திருமணத்தன்று தகப்பனார் தடுமாறிப் பேசிய நான்கு வார்த்தைகள், மருத்துவமனைப் படுக்கையில் கிடந்தபடி பிறந்த பேரனுக்கு அவர் பாடிய தாலாட்டு. வெளிநாட்டில் பணியாற்றும் மகன் விடுமுறையில் வந்தபோது, அனைத்தையும் இந்தப் பெட்டிக்கு மாற்றிவிட்டு, இடம் போதவில்லை என்று அலைபேசியிலும் கணிப்பொறியிலும் இருந்தவற்றை அழித்துவிட்டான். பத்திரமாக வைக்கிறோம் என்ற நல்லெண்ணத்தோடுதான் செய்தான். நாம் பெட்டியைக் கணிப்பொறியில் இணைத்தோம். சுவர்ப்பல்லி கொட்டுவதுபோல் டிக், டிக், டிக் என்றது. வேறொன்றும் நிகழவில்லை. உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டோம்.

குருமடத்தில் நமக்கு இலத்தீனும் மெய்யியலும் கற்றுத் தந்தார்கள். இயந்திரம் என்று நாம் அந்நாளில் தொட்டது தட்டச்சுப் பொறி ஒன்றே. எனினும் இப்பொருளில் நமக்கும் ஒரு தழும்பு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் திருமுழுக்கு, திருமணப் பதிவேடுகளை இளைஞர் சிலர் இரண்டு கோடை விடுமுறைகளைச் செலவிட்டுக் கணிப்பொறியில் ஏற்றினார்கள். ஒரு நாள் காலையில் அக்கணிப்பொறியின் வன்தட்டு விழிக்கவில்லை. ஏட்டில் இருந்தது ஏட்டில் இருந்தது. இரண்டு கோடைகளின் உழைப்பு மட்டும் போயிற்று. கறையான் அரிக்காதிருக்கப் பதிவேட்டின் இடையிடையே வேப்பிலை வைத்த பழைய உபதேசியார் நம்மைவிட முன்னறிவு படைத்தவர் என்று அன்று எண்ணிக்கொண்டோம். அதன் பிறகு இவ்விஷயத்தைப் படித்தும் அறிந்தோரிடம் கேட்டும் ஓரளவு தெளிந்தோம். புதிதாய்க் கணிப்பொறி வாங்கும் குடும்பத்தார் "எந்த ஹார்டு டிஸ்க் நல்லது சாமி?" என்று நம்மிடம் கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அவர்களுக்குச் சொல்வதையே இங்கு எழுதுகிறோம்.

வன்தட்டு என்பது யாது? 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் முதல் வன்தட்டை வெளியிட்டது. இருபத்து நான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள், ஏறத்தாழ ஒரு டன் எடை, அதில் அடங்கியவை ஐம்பது இலட்சம் எழுத்துகள். இன்றைய அலைபேசி எடுக்கும் ஒரேயொரு நிழற்படத்திற்கே அவ்விடம் பற்றியும் பற்றாததுமாய் இருக்கும். எழுபது ஆண்டுகளில் அப்பெட்டி உள்ளங்கைக்குள் சுருங்கிற்று. உள்ளமைப்பின் தத்துவம் மட்டும் மாறவில்லை. காந்தப் பூச்சுள்ள தட்டு ஒன்று நிமிடத்திற்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கிறது. அதன்மீது கைபோன்ற உறுப்பின் நுனியில் வாசிக்கும் முனை மிதக்கிறது. முனைக்கும் தட்டுக்கும் உள்ள இடைவெளி சில நானோமீட்டர் மட்டுமே. தலைமுடி ஒன்றின் பருமனைப் பல்லாயிரம் கூறாக்கினால் ஒரு கூற்றின் அளவு. சுழலும்போது பெட்டி மேசையிலிருந்து விழுந்தாலும், முரட்டுத்தனமாக நகர்த்தப்பட்டாலும் முனை தட்டில் உரசிவிடக்கூடும். உரசிய இடத்தில் எழுதப்பட்டிருந்தது மீளாது. அந்தத் தாயின் பெட்டியில் நாம் கேட்ட டிக் டிக் ஓசை, முனை தன் தடத்தைத் தேடிக் காணாமல் மீண்டும் மீண்டும் தொடக்கத்திற்குத் திரும்பும் ஓசை.

அத்தகைய ஓசை கேட்டால் செய்யக் கூடாதவை சில உண்டு. மறுபடியும் மறுபடியும் இணைத்துப் பார்த்தல் ஆகாது. ஒவ்வொரு முறையும் சேதம் பெருகும். பெட்டியைத் திருகாணி கழற்றித் திறத்தல் அறவே ஆகாது. தூசியற்ற தனியறையில் திறக்க வேண்டியதை நம் வீட்டுக் கூடத்தில் திறந்தால் காற்றில் மிதக்கும் ஒரு துகளே அதற்குப் பாறாங்கல். குளிர்பதனப் பெட்டியில் ஓர் இரவு வைத்தெடுத்தால் சரியாகும் என்று அண்டை வீட்டார் சொல்லக்கூடும். மீனுக்கு அது நல்லது. வன்தட்டினுள் நீர் பனித்து இருந்த உயிரும் போய்விடும்.

இனி, எந்த நிறுவனத்தின் தட்டை வாங்குவது என்னும் கேள்விக்கு வருவோம். கடைகளில் பல பெயர்கள் கண்ணில் பட்டாலும், சுழலும் தட்டுகளை உலகில் இன்று உருவாக்குவோர் மூவரே: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. மற்றவர்கள் ஒருவரை ஒருவர் விழுங்கியாயிற்று. மேக்ஸ்டர் 2006-இல் சீகேட்டுக்குப் போயிற்று. சாம்சங்கின் வன்தட்டுப் பிரிவு 2011-இல் அதே சீகேட்டுக்கு. ஹிட்டாச்சியினது 2012-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலுக்கு. வேறு பெயர் பொறித்த வெளிப்பெட்டியை வாங்கினாலும் உள்ளே சுழல்வது பெரும்பாலும் இம்மூவருள் ஒருவருடைய தட்டுதான்.

மூவருள் எவர் மேல்? ஒரு குலத்தில் பிறந்தவரெல்லாம் ஒரே குணத்தவர் அல்லர் என்பதை நாம் அறிவோம். வன்தட்டிலும் அப்படியே. 2000-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். வெளியிட்ட டெஸ்க்ஸ்டார் 75ஜிஎக்ஸ்பி என்னும் வகை எண்ணிறந்த வீடுகளில் செயலிழந்தது. அமெரிக்காவில் வழக்கும் தொடுத்தார்கள். பெயரைச் சற்றே திரித்து 'டெத்ஸ்டார்' என்று ஏளனமும் செய்தார்கள். அந்தப் பிரிவையே ஐ.பி.எம். ஹிட்டாச்சியிடம் விற்றுவிட்டது. விந்தை யாதெனில், அதே வழிவந்த ஹிட்டாச்சித் தட்டுகள் பத்தாண்டுகளுக்குப் பின் உழைப்பில் முதலிடம் பெற்றன. சீகேட்டின் 2011-ஆம் ஆண்டு 3 டெராபைட் வகை ஒன்று வழக்கத்திற்கு மிஞ்சிய வேகத்தில் பழுதடைந்து, 2016-இல் நீதிமன்றம்வரை போயிற்று. அதே நிறுவனத்தின் அடுத்த 4 டெராபைட் வகையோ பன்மடங்கு மேலாக நடந்துகொண்டது. ஆகவே "அந்தக் கம்பெனி ஆகாது, இந்தக் கம்பெனிதான்" என்று அடித்துப் பேசுவோரின் சொல்லைப் பாதியாகக் கொள்ளுங்கள். அவர் கையில் ஒன்று கெட்டிருக்கும். அல்லது அவர் கடையில் ஒன்று தேங்கியிருக்கும்.

ஆதாரத்தோடு அறிய வழி இல்லாமலில்லை. பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் பிறருடைய கோப்புகளைக் காத்து வைப்பதையே தொழிலாகக் கொண்டது. இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட தட்டுகளை இரவு பகலாக ஓடவிட்டு, எந்த வகை எத்தனை பழுதாயிற்று என்னும் கணக்கைப் பல ஆண்டுகளாக வெளியிட்டு வருகிறது. அக்கணக்கின்படி ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு 2021-இல் 1.01-உம், 2023-இல் 1.70-உம் பழுதடைந்தன. ஆயினும் அந்தச் சராசரிக்குள் ஒரு வகை ஏறத்தாழப் பழுதின்றியும், மற்றொரு வகை பன்மடங்கு பழுதோடும் இருக்கக் காணலாம். வாங்கப்போகும் தட்டின் மேல் அச்சிட்டுள்ள வகை எண்ணை முழுதாகக் குறித்துக்கொண்டு, இக்கணக்கில் அது எங்கே நிற்கிறது என்று வீட்டுப் பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லுங்கள். பெருநிறுவனத்தின் குளிரூட்டிய கூடத்தில் ஓடும் தட்டும், மின்விசிறி மட்டுமே சுழலும் நம் வீட்டுத் தட்டும் ஒரே வாழ்வு வாழ்வதில்லை. இருந்தும் வெறும் வாய்ச்சொல்லைவிட இது எவ்வளவோ மேல்.

விளம்பரத்தில் மற்றோர் எண் மினுக்கும். சராசரியாகப் பத்து இலட்சம் மணி நேரம் பழுதின்றி ஓடும் என்பார்கள். கணக்கிட்டால் 114 ஆண்டுகள்! உங்கள் தட்டு உங்கள் பேரனுக்கும் உழைக்கும் என்பது அதன் பொருளன்று. ஆயிரக்கணக்கான தட்டுகளை ஒருசேர ஓடவிட்டால் ஆண்டுக்கு நூற்றில் ஒன்றுக்கும் குறைவாகவே கெடும் என்பதே பொருள். அதுவும் தயாரிப்பாளரின் கணக்கு. கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர் 2007-இல் ஆராய்ந்தபோது, ஏட்டில் ஆண்டுக்கு 0.88 விழுக்காட்டுக்கு மேற்படாது என்றிருந்த பழுது, நடப்பில் இரண்டு முதல் நான்கு விழுக்காடாக இருப்பது வழக்கமென்றும், சில இடங்களில் 13 வரை எட்டியதென்றும் கண்டார்கள்.

எஸ்.எஸ்.டி. என்னும் புதுவகையைப் பற்றி இளைஞர் கேட்பார்கள். அதில் சுழலும் தட்டும் இல்லை, மிதக்கும் முனையும் இல்லை. மின்னேற்றமாக எழுத்துகளைத் தாங்கும் சில்லுகளே உள்ளன. விழுந்தாலும் அவ்வளவாக அஞ்ச வேண்டியதில்லை. வேகமோ, ஒப்பிடவே வேண்டாம். கணிப்பொறி கண்மூடித் திறப்பதற்குள் ஆயத்தமாகிவிடும். ஆகவே இன்று புதிதாய் வாங்குவோர், கணிப்பொறியை இயக்கும் மென்பொருள் தங்குவதற்கு எஸ்.எஸ்.டி.யையே தேர்க என்று தயங்காமல் சொல்வோம். அதற்கும் இரு குறைகள் உண்டு. சுழலும் தட்டு பல வேளைகளில் முனகியபின் சாகும்; எஸ்.எஸ்.டி.யோ யாதொரு முனகலுமின்றி ஒரு நொடியில் ஊமையாகிவிடக்கூடும். மேலும் மின்னிணைப்பின்றி அலமாரியில் நெடுநாள் கிடந்தால் மின்னேற்றம் மெல்லக் கசியும். எழுதும் வரம்பு தேய்ந்துபோன நிலையில், 30 பாகைச் செல்சியஸ் வெப்பத்தில் ஓராண்டு காத்தால் போதும் என்பதே இல்லப் பயன்பாட்டுக்கான தொழில் நெறிமுறை. நம் சித்திரை வெயிலில் பூட்டிய பீரோவினுள் வெப்பம் எவ்வளவு என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. எனவே பல்லாயிரம் நிழற்படங்களை நெடுங்காலம் கிடப்பில் வைக்கவும், குறைந்த விலையில் நிறைந்த இடம் பெறவும், சுழலும் தட்டுக்கே நம் வாக்கு.

சுழலும் தட்டிலும் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. தடங்களை ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகத் தனித்தனியே எழுதும் முறை ஒன்று, அதைச் சி.எம்.ஆர். என்பர். ஓடு வேய்வதுபோல் ஒரு தடத்தின் விளிம்பின்மேல் அடுத்த தடம் ஏறி நிற்க எழுதும் முறை மற்றொன்று, அது எஸ்.எம்.ஆர். கூரையின் நடுவே ஓர் ஓட்டை மாற்ற வேண்டுமானால் மேலுள்ள ஓடுகளையும் பெயர்த்து மறுபடி அடுக்க வேண்டும் அன்றோ? அவ்வாறே இதில் ஒரு பகுதியைத் திருத்தி எழுதும்போது வேகம் தளர்ந்துபோகும். ஒருமுறை எழுதி வைத்துவிட்டு எப்போதோ பார்ப்பவருக்கு இது குற்றமன்று. நாள்தோறும் எழுதி அழிப்பவர் சி.எம்.ஆர். என்று கேட்டு வாங்க வேண்டும். எந்த முறை என்பதைப் பெட்டியின்மேல் எப்போதும் அச்சிடுவதில்லை. 2020-ஆம் ஆண்டில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வகைத் தட்டுகளுள் சில எஸ்.எம்.ஆர். என்பது வெளிப்பட்டு வாங்கியோர் கொதித்தெழுந்த பின்னரே, நிறுவனங்கள் வகைவாரியான பட்டியலை வெளியிட்டன.

கடைக்குப் போகும்போது, மலிவைக் கண்டு மயங்க வேண்டாம். ஓராயிரம் ரூபாய்க்குப் பதினாறு டெராபைட் என்று விற்கப்படும் பெட்டியைத் திறந்தால் உள்ளே சிறு நினைவட்டை ஒன்று பசையால் ஒட்டப்பட்டிருக்கும். இடம் நிறைந்தபின் எழுதுவதெல்லாம் முன்னதன்மேல் விழுந்து இரண்டும் பாழாகும். பழைய தட்டைத் துடைத்துப் புதிதென விற்கும் மோசமும் உண்டு. பெருநிறுவனக் கூடங்களில் பல்லாயிரம் மணி நேரம் உழைத்த தட்டுகள் புதியவையாக விற்கப்பட்ட செய்தி 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. பெட்டியிலுள்ள வரிசை எண்ணைத் தயாரிப்பாளரின் இணையப் பக்கத்தில் இட்டால் உத்தரவாதம் எந்நாள்வரை என்று காட்டும். பணம் கொடுக்குமுன் அதைப் பாருங்கள். உத்தரவாதம் இரண்டாண்டோ மூன்றாண்டோ ஐந்தாண்டோ, வகைக்கேற்ப மாறும். ஐந்தாண்டு தருபவன் தன் சரக்கை அதிகம் நம்புகிறான் என்று கொள்வதில் பிழையில்லை. உத்தரவாதத்தால் கிடைப்பது மாற்றுத் தட்டு மட்டுமே. உள்ளே இருந்த தாலாட்டை எந்த நிறுவனமும் திருப்பித் தராது.

1 டெராபைட் வாங்கினேன், கணிப்பொறி 931 என்று காட்டுகிறதே, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா என்று ஒருவர் சினந்து வந்தார். ஏமாற்று அன்று. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாய்ப் பெருக்குகிறார். கணிப்பொறி 1024-ஆய் எண்ணுகிறது. படியும் மரக்காலும் ஊருக்கு ஊர் மாறிய காலத்தைப் பெரியோர் நினைத்துக்கொள்ளலாம்.

வாங்கி வந்ததும் அருமையானவற்றை அதில் இறக்கிவிடாதீர்கள். வேண்டாத கோப்புகளால் முழுதும் நிரப்பி, திரும்பப் படித்துப் பார்த்து, ஓரிரு வாரம் பழக்குங்கள். பிறவிக் குறையுள்ள தட்டு பெரும்பாலும் தொடக்கத்திலேயே தன்னைக் காட்டிக்கொடுக்கும். தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்ளும் ஸ்மார்ட் என்னும் ஏற்பாடு ஒவ்வொரு தட்டிலும் உண்டு. கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருள் அதை வாசித்துச் சொல்லும். அங்கே கெட்டுப்போய் மாற்றிடம் தரப்பட்ட பகுதிகள், மாற்றத்திற்குக் காத்திருக்கும் பகுதிகள் என்னும் எண்ணிக்கைகளைப் பாருங்கள். சுழியமாய் இருந்தது ஏறத் தொடங்கினால் அன்றே நகலெடுத்துவிட்டு மறுபேச்சின்றி மாற்றுங்கள். கூகுள் நிறுவனத்தார் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட தட்டுகளை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்ட அறிக்கையில், மேற்பரப்புச் சோதனையில் முதற்பிழை காட்டிய தட்டு, அடுத்த அறுபது நாள்களுக்குள் சாகும் வாய்ப்பு மற்றவற்றைவிட 39 மடங்கு என்றார்கள். ஆனால் அதே அறிக்கை, செத்த தட்டுகளுள் பாதிக்கும் மேற்பட்டவை இத்தகைய முக்கிய அறிகுறிகளுள் எதையும் காட்டவில்லை என்றும் கூறிற்று. காய்ச்சல் வந்தால் மருத்துவரிடம் ஓடுக. காய்ச்சல் இல்லாமையால் நோயில்லை என்று இருந்துவிடற்க.

நம் ஊர்களின் மின்சாரத்தைப் பற்றி நாம் எழுதித்தான் நீங்கள் அறிய வேண்டுமா? எழுதிக்கொண்டிருக்கும்போதே மின்சாரம் அற்றுப்போனால் கோப்பு பாதியில் நிற்கும், தட்டும் துன்புறும். மேசைக் கணிப்பொறிக்கு யூ.பி.எஸ். ஆடம்பரமன்று. வெளிப்பெட்டியைக் கழற்றுமுன் 'பாதுகாப்பாக அகற்று' என்னும் கட்டளையைத் தந்து, சுழற்சி அடங்கும்வரை பத்து நொடி பொறுத்து எடுங்கள். குழந்தைகள் ஓடும் இடத்தில் கம்பி தொங்கவிட வேண்டாம்.

இவ்வளவும் செய்த பின்னரும் தட்டு ஒரு நாள் சாகும். இதை நாம் ஏற்றுக்கொண்ட பிறகே 'நம்பத்தக்க வன்தட்டு' என்னும் சொல்லுக்குப் பொருள் பிறக்கிறது. ஒரே பணத்தில் மிக உயர்ந்த தட்டு ஒன்று வாங்குவதா, நடுத்தரமானவை இரண்டு வாங்குவதா என்று எவரேனும் கேட்டால், இரண்டு என்றே சொல்வோம். அவை ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய இரட்டையராய் இருக்க வேண்டாம். ஒரே தொகுதியில் பிறந்தவை ஒரே குறையால் அடுத்தடுத்து விழக்கூடும். ஒன்று சீகேட் எனில் மற்றது தோஷிபாவாகவோ வெஸ்டர்ன் டிஜிட்டலாகவோ இருக்கட்டும். பீட்டர் குரோக் என்னும் நிழற்படக் கலைஞர் தம் நூலில் பரப்பிய முறை ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இருவகைச் சாதனங்கள், அவற்றுள் ஒரு பிரதி வேற்றிடத்தில். அந்த வேற்றிடத்தின் அருமையைச் சென்னைக் குடும்பங்கள் 2015-ஆம் ஆண்டு டிசம்பரில் கற்றன. மேசைமேல் இருந்த தட்டும் அதே அறைப் பீரோவில் இருந்த பிரதியும் ஒரே வெள்ளத்தில் மூழ்கினால் இரண்டிருந்து பயன் என்ன? 2017-ஆம் ஆண்டு மே மாதம் வான்னாகிரை என்னும் கேட்டு மென்பொருள் உலகெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோது, கணிப்பொறியோடு இணைந்தே கிடந்த நகல்களும் தப்புவது அரிதாயிற்று. நகலெடுத்ததும் கழற்றி வைக்கச் சொல்வது அதனால்தான்.

ஐந்தாண்டு கடந்த தட்டை ஓய்வுக்கு அனுப்பி, அதை மூன்றாம் பிரதியாக மட்டும் வைத்துக்கொள்வது நம் வழக்கம். பழைய இரும்புக்காரரிடம் போடுவதானால், வெறுமனே அழித்தால் போதாது. உள்ளிருப்பவற்றைப் பிறர் மீட்க இயலும். முழுதும் மேலெழுதிய பின்னரோ தட்டில் துளையிட்ட பின்னரோ கொடுங்கள். வங்கிக் கணக்கும் ஆதாரும் அதில் இருக்கக்கூடும்.

அந்தத் தாயின் பெட்டியை நகரத்தில் தரவு மீட்கும் நிலையம் ஒன்றுக்கு அனுப்பினோம். புதுத் தட்டுகள் நான்கு வாங்கும் அளவுக்குச் செலவாயிற்று, மகன் அனுப்பினான். ஆறு வாரம் கழித்து நிழற்படங்களில் பெரும்பகுதி வந்தது. திருமணப் பேச்சு பாதியில் அறுந்திருந்தது. தாலாட்டு வரவில்லை. அதை அவர் கேட்டறிந்தபோது ஒன்றும் பேசவில்லை. பையை மடித்துக்கொண்டு எழுந்து போனார்.

கார்த்திகை பிறந்து, ஒரு நாள் பூசைக்குப் பின் ஓடி வந்தார். மகள் வீட்டில் திரை உடைந்து மூலையில் கிடந்த பழைய அலைபேசியில், பாட்டு முழுதும் இருந்ததாம். மருத்துவமனையிலிருந்து மருமகன் அன்றிரவே அதை மகளுக்கு அனுப்பியிருந்தான். அவள் அழிக்க மறந்திருந்தாள். இப்போது அவரிடம் இரண்டு தட்டுகள் உள்ளன. ஒன்று அவர் வீட்டுப் பீரோவில். மற்றது திண்டுக்கல்லில் உள்ள தங்கையிடம். ஆறு மாதத்திற்கொரு முறை பழைய சேலைத் துணியில் சுற்றிப் பேருந்தில் மடியிலேயே வைத்துக் கொண்டு வருகிறார், புதியவற்றைச் சேர்த்ததும் திரும்பக் கொண்டுபோய் விடுகிறார். பழுதான கறுப்புப் பெட்டியை எறிய அவருக்கு மனம் வரவில்லை. அது நம் மேசை இழுப்பறையில், தட்டச்சுப் பொறியின் பழைய நாடாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது.